யார் வீட்டுச் சாமான்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓவியங்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்துத்தான் அருங்காட்சியகங்களுக்குப் போகும் ஆசையே எனக்கு வந்தது. அந்த உரிமையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம் குடும்பத்தோடு ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். ஓவியக் கூடங்களில் நேரம் போனதே தெரியவில்லை. சிற்பங்களும் அப்படித்தான். அதற்குப் பிறகு வந்த கூடங்களில்தான் சிக்கல். பீங்கான் தட்டுகள், பூச்சாடிகள், கண்ணாடிக் குடுவைகள், வெள்ளிக் கரண்டிகள், கடிகாரங்கள், மூக்குப்பொடி டப்பாக்கள், விசிறிகள், நாற்காலிகள், கம்பளங்கள், பூட்டுகள் என்று ஒரு கூடம் முடிந்தால் இன்னொரு கூடம். ஒரே மாதிரித் தட்டுகளை நாற்பது, ஐம்பது என்று அடுக்கியிருந்தார்கள். முதல் பத்து நிமிடம் ஆர்வமாகப் பார்த்தேன். அப்புறம் கால் மட்டும் நடந்தது, கண் எதையும் பார்க்கவில்லை.

என் பத்து வயது மகன் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, “அம்மா, இதெல்லாம் யார் வீட்டுச் சாமான்?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

என் சந்தேகங்கள் இவை. ஓவியமும் சிற்பமும் கலை, சரி. ஒரு உப்புக் கிண்ணம் எப்படிக் கலையாகும்? அழகான கைவேலை என்று சொல்லலாம், அவ்வளவுதானே? கலை என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றிரண்டு போதாதா, எதற்கு இத்தனை? இன்னொன்றும் உறுத்துகிறது. இவற்றில் பெரும்பாலானவை அரசர்களும் செல்வந்தர்களும் சேர்த்த ஆடம்பரப் பொருட்கள். சில பறித்துக்கொண்டு வரப்பட்டவை என்றும் படித்திருக்கிறேன். இவற்றை எந்த மனநிலையில் பார்ப்பது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் மகன் கேட்டதுதான் அந்தக் கூடங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பல வருடங்கள் அருங்காட்சியகங்களில் அலைந்த பிறகே நான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். இது யார் வீட்டில் இருந்தது, யார் கையில் இருந்தது, அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது, அங்கிருந்து இந்தப் பெட்டிக்கு எப்படி வந்தது? ஓவியத்தின் முன்னால் இவற்றைக் கேட்காமலேயே நிற்கலாம். அதைப் பார்ப்பதற்காகவே வரைந்திருக்கிறார்கள், நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கிண்ணம் அப்படியல்ல. அதன் வேலையை நிறுத்திவிட்டுத்தான் அதைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நின்றுபோன அந்த வேலையை மனசுக்குள் மறுபடி நடத்திப் பார்த்தால்தான் கிண்ணம் நம் கண்ணுக்குத் தட்டுப்படும்.

முதலில் உங்கள் களைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று பெயர் வைத்தே 1916இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கண்பார்வை உள்ள ஒருவரை அழைத்து, காட்சிப்பெட்டிகளில் இருப்பவற்றைப் பற்றிச் சில எளிய கேள்விகளைக் கொடுத்து, பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார். அந்த மனிதர் குனிந்து, குந்தி, கழுத்தைத் திருப்பி, கண்ணை இடுக்கிப் பார்ப்பதையெல்லாம் படமெடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்தாலே நமக்கு முதுகு வலிக்கும். பார்ப்பவர் களைத்துப்போவதற்குக் காரணம் பெட்டிகளையும் விவரக் குறிப்புகளையும் அமைத்த விதம் என்பது அவர் வாதம். நூறு வருடங்களுக்கு மேல் ஆகியும் பல கூடங்களில் நிலைமை பெரிதாக மாறவில்லை.

நாற்பது தட்டுகளை வரிசையாக அடுக்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. பல நாட்டுப் பொருட்களும் ஒரே கூரையின் கீழ் வந்தபோது, பிரிட்டிஷ் ஆலைகள் செய்து குவித்தவற்றின் வடிவமும் அலங்காரமும் மட்டம் என்று அங்கிருந்த சிலருக்குப் பட்டது. அவர்களில் ஒருவர் அந்தக் கண்காட்சியை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான ஹென்றி கோல். அந்தக் கண்காட்சியிலிருந்தே பொருட்கள் வாங்கப்பட்டு, அடுத்த வருடமே, 1852இல், உற்பத்திப் பொருட்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் தொடங்கியது. 1857இல் அது சவுத் கென்சிங்டனுக்கு இடம் மாறியது. 1899இல் அதற்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்ற பெயர் வந்தது. அதன் நோக்கமே பாடம் நடத்துவதுதான். குயவரும் நெசவாளரும் தச்சரும் வந்து பார்த்து, தொட்டடுத்த இரண்டு பொருட்களை ஒப்பிட்டு, எது ஏன் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வரட்டும் என்று கோல் அங்கே எரிவாயு விளக்குகள் வைத்தார். பிற்பாடு பொருட்களையும் மண், கண்ணாடி, உலோகம், மரம், துணி என்று எதில் செய்தவையோ அதன்படி பிரித்து வைத்தார்கள். 1863இல் வியன்னா தொடங்கிப் பல நகரங்கள் இந்த மாதிரியைப் பின்பற்றின.

ஆகவே நீங்கள் பார்த்த நாற்பது தட்டுகளும் உங்களுக்காக அடுக்கப்பட்டவை அல்ல. தட்டு செய்கிறவருக்காக அடுக்கப்பட்டவை. அவர் முப்பதாவது தட்டின் விளிம்பில் மெருகு வழிந்து தடித்திருப்பதைப் பார்ப்பார், முப்பத்தொன்றாவதில் அது ஏன் வழியவில்லை என்று யோசிப்பார். அவருக்கு அலுக்காது. நமக்கு அலுப்பது இயல்பு.

அப்படியானால் நமக்கு ஒன்றிரண்டு போதாதா? இதற்குப் பதிலாக இரண்டு சாடிகளைக் காட்ட விரும்புகிறேன்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் சீனப் பீங்கான்களுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. சர் பெர்சிவல் டேவிட் என்ற சேகரிப்பாளர் திரட்டியவை. அதில் ஒரு ஜோடி நீல வெள்ளைச் சாடிகள், ஒவ்வொன்றும் 63 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். உடம்பைச் சுற்றி நீலத்தில் ஒரு டிராகன் மேகங்களுக்கு நடுவே வளைந்து போகிறது. கழுத்தின் இரண்டு பக்கமும் யானைத் தலைகள் கைப்பிடியாக இருக்கின்றன. கழுத்தில், மேல்நோக்கி நிற்கும் வாழை இலைகளுக்கு நடுவே, சிறிய எழுத்தில் நீலத்திலேயே சில வரிகள். ஜாங் வென்ஜின் என்ற பக்தர் தன் குடும்ப நலனை வேண்டி ஒரு தாவோ சமயக் கோயிலுக்கு ஒரு தூபக்கலத்தையும் இரண்டு சாடிகளையும் காணிக்கையாகக் கொடுத்த செய்தி அது. நம் கணக்கில் 1351ஆம் ஆண்டு. இரண்டு சாடிகளும் எங்கெங்கோ பிரிந்து போயிருந்தன. டேவிட் அவற்றை வெவ்வேறு இடங்களில் வாங்கி மறுபடி ஒன்று சேர்த்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அந்தச் சாடிகளின் காலம் தெரிவதற்கு முன்பு, இவ்வளவு தேர்ந்த நீல வெள்ளை வேலை அதற்குப் பிறகு வந்த மிங் அரச வம்சத்தின் காலத்தில்தான் வந்தது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தேதி போட்ட இந்த ஒரு ஜோடி கிடைத்ததும், இதே மாதிரி டிராகனும் இதே மாதிரி அலைக்கோடும் உள்ள தேதி இல்லாத தட்டுகளையும் கிண்ணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவையும் இந்தக் காலத்தவை என்று அடையாளம் காண முடிந்தது. அந்தத் தட்டுகள் இருந்ததால்தான் சாடிகளின் எழுத்துக்கு இவ்வளவு பயன். சாடிகளின் எழுத்து இருந்ததால்தான் தட்டுகளுக்கு வயது கிடைத்தது. காப்பாட்சியர்கள் ஒரே மாதிரிப் பொருட்களை விடாமல் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பொருட்கள் குறைந்தது 80 லட்சம். அவற்றில் சுமார் 80 ஆயிரம்தான் பார்வைக்கு இருக்கின்றன, நூற்றுக்கு ஒன்று. மற்றவை சேமிப்பறையில் இப்படி யாராவது வந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகக் காத்திருக்கின்றன.

சரி, கலையா கைவேலையா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் உப்புக் கிண்ணம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு வியன்னாவில் உள்ள உப்புக்கலம் நினைவுக்கு வந்தது. இத்தாலியச் சிற்பியும் பொற்கொல்லருமான செல்லினி பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸுக்காக 1543இல் செய்து முடித்தது. பொன்னும் வண்ண எனாமலும் கொண்டு செய்த, 26 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சிற்பம். ஒரு பக்கம் கடல், கையில் சூலத்தோடு ஒரு ஆண். எதிரில் பூமி, ஒரு பெண். இருவரும் பின்னால் சாய்ந்து, கால்கள் ஒன்றுக்கொன்று பின்னிக்கொள்ள உட்கார்ந்திருக்கிறார்கள். கடலும் நிலமும் கரையில் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதைத்தான் அந்தக் கால்கள் சொல்கின்றன. கடலின் பக்கத்தில் ஒரு சிறிய படகு, அதற்குள் உப்பு. பூமியின் பக்கத்தில் ஒரு சிறிய கோயில், அதற்குள் மிளகு. உப்பு கடலிலிருந்து வருகிறது, மிளகு நிலத்திலிருந்து வருகிறது.

இதைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் சிற்பம் என்றே நினைத்துக்கொள்வார்கள். அதன் அடிப்பீடத்துக்குள் தந்தத்தில் செய்த சிறு உருண்டைகள் பதித்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் இதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு உருட்டித் தள்ள வேண்டும் அல்லவா, அதற்காக. அந்த உருண்டைகளைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இந்தப் பொருளை என்னால் அசையாத சிற்பமாக நினைக்கவே முடியவில்லை. கடலும் பூமியும் மேசை மேல் நகர்ந்து வருகிறார்கள். 2003இல் இதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். 2006இல் ஒரு காட்டுக்குள் புதைத்து வைத்திருந்த பெட்டியிலிருந்து மீட்டார்கள். இப்போது பழையபடி வியன்னாவில் இருக்கிறது.

இது சிற்பமா, உப்புக்கலமா? செல்லினியிடம் கேட்டிருந்தால் கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நுண்கலை வேறு, பயன்படுபொருள் வேறு என்ற கறாரான பிரிவினை ஐரோப்பாவில் கெட்டிப்பட்டது பதினெட்டாம் நூற்றாண்டில். 1746இல் பிரெஞ்சுக்காரரான ஷார்ல் பத்தே இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகியவற்றை நுண்கலைகள் என்று தனியாகப் பிரித்து எழுதினார். அதற்குப் பிறகு கட்டப்பட்ட அருங்காட்சியகங்கள் அந்தப் பிரிவினையைச் சுவர்களாகவே எழுப்பிவிட்டன. ஓவியத்துக்கு ஒரு தளம், சட்டிபானைக்கு வேறு தளம். நீங்கள் நடந்தது அந்தச் சுவர்களுக்கு நடுவில்தான். ஓவியக் கூடத்தை விட்டு வெளியே வந்ததும் கலை முடிந்துவிட்டது என்று கட்டடமே உங்களிடம் சொல்லியிருக்கிறது.

நமக்கு அந்தச் சுவர் அவசியமே இல்லை. ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று நாம் எண்ணும் பட்டியலில் மாலை தொடுப்பதும் பாட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், ‘அணி’ என்ற சொல். உடம்பில் பூணுவதும் அணி, செய்யுளில் வருவதும் அணி. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்தையும் இலக்கணமாக வைத்த மொழி இது. உவமையைக் கவிதையிலிருந்து உரித்து எடுத்துவிட்டு ‘அலங்காரம் போய்விட்டது, கவிதை மிச்சமிருக்கிறது’ என்று நாம் சொல்வதில்லை. உப்புக்கலத்திலும் அதே கதைதான். பின்னிய கால்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கிண்ணம் அல்ல, வேறு ஏதோ ஒன்று.

ஆனால் உப்புக்கலம் அரசனின் மேசைக்குப் போனது, தங்கம். தங்கமும் அரசனும் இல்லாத ஒன்றைப் பார்ப்போம். உள்ளங்கைக்குள் அடங்கும் நெட்சுகே.

ஜப்பானியர்களின் பழைய உடையான கிமோனோவுக்குப் பை கிடையாது. காசுப்பையோ புகையிலைப்பையோ மருந்துச் சிமிழோ எதுவானாலும் ஒரு கயிற்றில் கட்டி, இடுப்புப் பட்டிக்குப் பின்னால் நுழைத்துத் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவிக் கீழே விழாமல் இருக்க மேல்நுனியில் ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்புதான் நெட்சுகே. மரத்திலோ தந்தத்திலோ செதுக்கிய ஒரு எலி, ஒரு குரங்கு, ஒரு கிழவர். கண்ணாடிப் பெட்டியில் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். நான் முதல் தடவை பார்த்தபோது பொம்மை என்றே நினைத்துக் கடந்து போனேன். இன்னொரு தடவை ஒரு காப்பாட்சியர் கீழே கண்ணாடி வைத்து அடிப்பக்கம் தெரியும்படி அமைத்திருந்தார். அப்போதுதான் கயிறு போகும் இரண்டு துளைகளைப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் பெரியது, முடிச்சு அதற்குள் ஒளிந்துகொள்வதற்காக.

துளையைப் பார்த்த பிறகு எலியே வேறு மாதிரி தெரிந்தது. எலியின் வால் ஏன் உடம்பைச் சுற்றி ஒட்டியிருக்கிறது? நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் மாட்டிக் கிழிக்கும், இல்லாவிட்டால் வாலே ஒடியும். கால்கள் ஏன் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன? அதே காரணம். எங்கேயும் கூர்மை இருக்கக் கூடாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது இடுப்பில் புரண்டுகொண்டே இருக்கும். இத்தனை நிபந்தனைகளுக்குள் ஒரு எலியை அடைக்க வேண்டும். செதுக்கியவர் என்ன செய்தார்? எலியைத் தூங்க வைத்துவிட்டார். தூங்கும் எலிக்கு வால் சுற்றியிருப்பதும் கால் மடங்கியிருப்பதும் இயல்புதானே. நிபந்தனையிலிருந்தே உருவம் பிறந்துவிட்டது. முதுகுப் பக்கம் வருடக்கணக்கில் துணியோடு உரசி, மயிர்க் கோடுகள் மழுங்கி, வழுவழுவென்று ஆகியிருந்தது. யாரோ ஒருவர் அதைத் தினமும் இடுப்பில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு அந்த வழுவழுப்பு ஒரு பதில்.

இனி, ஆடம்பரம், பறிப்பு. இதை நான் சுற்றிவளைக்க விரும்பவில்லை. நீங்கள் சொல்வது உண்மை. ஜெர்மன் நாடுகளில் ஒன்றான சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் 1717இல் பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் குதிரைப்படையைச் சேர்ந்த 600 வீரர்களைக் கொடுத்தார். அந்தப் பெரிய நீல வெள்ளைச் சாடிகளில் சில இன்றும் டிரெஸ்டனில் இருக்கின்றன, படைவீரர்களின் பெயரால் ‘டிராகூன் சாடிகள்’ என்றுதான் அவற்றை அழைக்கிறார்கள். ஒரு பீங்கானுக்கு ஏறக்குறைய நான்கு மனிதர்கள். அந்தச் சாடியின் முன்னால் நின்று மெருகை மட்டும் ரசித்துவிட்டு என்னால் வர முடியாது.

பறித்தவை அதைவிடக் கொடுமை. 1897இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தைத் தாக்கி, அரண்மனையிலிருந்து ஆயிரக்கணக்கான பொருட்களை அள்ளிக்கொண்டு போனது. அரண்மனைத் தூண்களை மூடியிருந்த பித்தளைத் தகடுகள் அவற்றில் முக்கியமானவை. அரசர், வீரர்கள், வணிகர்கள் என்று ஒரு நாட்டின் நினைவையே அந்தத் தகடுகளில் வார்த்து வைத்திருந்தார்கள். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் அவற்றில் பல கம்பங்களில் வரிசையாகத் தொங்குகின்றன. எந்தத் தகடுக்குப் பக்கத்தில் எந்தத் தகடு இருந்தது என்ற ஒழுங்கு கலைந்துவிட்டது, ஒரு புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்துக் கலைத்த மாதிரி. 2022இல் ஜெர்மனியும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனமும் தங்களிடம் இருந்தவற்றில் ஒரு பகுதியை நைஜீரியாவுக்குத் திருப்பிக் கொடுத்தன. பறித்தது திரும்பப் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அது போகும்வரைக்கும், எப்படி வந்தது என்பதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் ச., ‘அரசனின் ஆடம்பரம்’ என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்து போனால், அதைச் செய்தவரையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறோம். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் உள்ள அர்தபில் கம்பளம் நினைவுக்கு வருகிறது. பத்தரை மீட்டர் நீளம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். ஈரானில் அர்தபில் நகரத்தில் உள்ள ஷேக் சஃபி என்ற சூஃபி ஞானியின் அடக்கத்தலத்தில் இருந்தது. 1893இல் வாங்கினார்கள், அதை வாங்கியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் ஒருவர் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ். பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் சுமார் 5300 முடிச்சுகள். பத்து சென்டிமீட்டர் என்றால் உங்கள் உள்ளங்கை அளவுதான். ஒரு ஓரத்தில் சிறு கட்டத்துக்குள் ஒரு பாட்டு, கீழே ஹிஜ்ரி 946 என்ற ஆண்டு, அதாவது 1539-40, அப்புறம் ‘இந்த வாசலின் அடிமை மக்சூத் காஷானி’ என்ற பெயர். மக்சூத் வேலையை முன்நின்று நடத்தியவராக இருக்கலாம் என்கிறார்கள். தறியின் முன்னால் பத்துப் பேர் வரை தோளோடு தோள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் போட்ட முடிச்சுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நான் அந்தக் கம்பளத்தின் முன்னால் நிற்பது ஈரானை ஆண்ட ஷாவுக்காக அல்ல, அந்தப் பத்துப் பேருக்காக.

அந்தக் கூடத்தில் விளக்கு பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். ஒவ்வொரு அரை மணிக்கும் பத்து நிமிடம் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். சாயத்தை வெளிச்சம் தின்றுவிடும் என்ற பயம். அது வெறும் பயம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

சோழமண்டலக் கரையில் கையால் வரைந்த சீட்டித் துணிகள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. இன்று உலகின் பல பெரிய அருங்காட்சியகங்களிலும் அவை இருக்கின்றன. ஒரு மேட்டில் முளைத்த மரம், அதன் கிளைகள் துணி முழுவதும் சுற்றிப் படர்ந்திருக்கும், பூக்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம். அதில் ஒரு விசித்திரம் உண்டு. பூ சிவப்பாக இருக்கும், இலையோ நீலமாக இருக்கும். அந்தக் காலத்துக் கற்பனை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கற்பனை இல்லை. பருத்தித் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல், சிவப்புக்குப் படிகாரம், இரண்டையும் எழுதுகோலால் வரைந்து சாயவேரில் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தை மட்டும் சிவப்பு கவ்விக்கொள்ளும். பிறகு நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பச்சை என்று தனிச் சாயம் இல்லை. கடைசியாக, நீலத்தின் மேல் மஞ்சளைக் கையால் பூசினால் அது பச்சை. அந்த மஞ்சள்தான் நிற்காத சாயம். வெளிச்சமும் சலவையும் சேர்ந்து மஞ்சளைக் கொண்டுபோய்விட்டன, நீலம் தங்கிவிட்டது. ஐரோப்பியச் சுவர்த் திரைச்சீலைகளில் காடுகள் நீலமாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

துவைத்தாலும் போகாத சிவப்பைக் கண்டு ஐரோப்பா மலைத்துப்போனது. தங்கள் நெசவாளர்களின் பிழைப்பு போய்விடும் என்று பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிகளைத் தடை செய்தது, இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. ஒரு படுக்கை விரிப்புக்காக நாடாளுமன்றம் கூடியிருக்கிறது. அந்த விரிப்பில் சாயம் தோய்த்தவர் பெயரும் நமக்குக் கிடையாது. நீல இலையைப் பார்க்கும்போது நான் மனசுக்குள் அதன்மேல் மஞ்சளைப் பூசிப் பார்ப்பேன். மரம் சட்டென்று பச்சையாகிவிடும்.

அடுத்த முறை போகும்போது இரண்டு மூன்று விஷயங்களைச் செய்து பாருங்கள். ஒரு கூடத்துக்குள் நுழைந்ததும் நிற்காமல் கடைசிவரை நடந்துவிடுங்கள். திரும்பி வரும்போது, போகும் வழியில் கண் தானாகப் போய் நின்ற ஒரே ஒரு பொருளிடம் மட்டும் நில்லுங்கள். மற்றவற்றை விட்டுவிடுவதில் குற்ற உணர்வு வேண்டாம். விவரக் குறிப்பை முதலில் படிக்காதீர்கள். முன்னால் பார்த்த பிறகு பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், முடிந்தால் பின்பக்கமும் அடிப்பக்கமும். தேய்ந்த இடம், ஒட்டிய இடம், துளை, இவை மூன்றும் அநேகமாக எல்லாக் கதையையும் சொல்லிவிடும். குறிப்பின் கடைசியில் ஒரு எண் இருக்கும், அதையும் விட வேண்டாம். பல இடங்களில் அந்தப் பொருள் உள்ளே வந்த ஆண்டு அதிலேயே இருக்கும். அர்தபில் கம்பளத்தின் எண் 272-1893. ஒரு பொருளின் எண்ணில் 1897 என்றோ 1898 என்றோ பார்த்தால், அது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் நின்று கேளுங்கள்.

மகனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். பொருளை வரையச் சொல்ல வேண்டாம், அதைப் பிடித்திருக்கும் கையை வரையச் சொல்லுங்கள். எந்த விரல் எங்கே வரும், எவ்வளவு கனக்கும், எந்தப் பக்கம் சாய்த்தால் ஊற்றும் என்று அவனே கண்டுபிடிப்பான். பத்து வயதுப் பையன்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

என்றாவது அந்த டேவிட் சாடிகளின் முன்னால் அவன் நிற்க நேர்ந்தால், யானைத் தலைகளைக் காட்டுங்கள். அவற்றில் ஒரு காலத்தில் வளையங்கள் கோத்திருந்தன. இப்போது இல்லை. அப்புறம் கழுத்தில் உள்ள எழுத்து மூன்று பொருட்களைச் சொல்கிறது என்பதையும் சொல்லுங்கள். இரண்டு சாடிகள், ஒரு தூபக்கலம். சாடிகள் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. தூபக்கலம் யார் வீட்டில் இருக்கிறது என்று அவன் கேட்பான்.

அன்புடன்.